கூடுதல் வேலை நேரம் எஸ்டிமேட் கூட்டத்திலேயே பிறந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஐடி ஊழியர்களின் வேலை நேரம் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகளும் வாசகர் கடிதங்களும் வருகின்றன. 2024 ஜூலையில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதிக்கும் யோசனை கர்நாடகத்தில் கிளம்பியது, ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, அப்போது எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் சட்டம் வந்தது, முதலாளிகள் வந்தார்கள், சில்க் போர்டு டிராஃபிக் கூட வந்தது. ஆனால் இந்தக் கூடுதல் நேரம் அலுவலகத்துக்குள் எந்த இடத்தில், எப்படி உண்டாகிறது என்று உள்ளே இருக்கிற யாரும் விளக்கி எழுதி நான் படிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புரோகிராம் எழுதுபவர்கள் முடித்துக் கொடுப்பதைச் சரிபார்த்து, தப்பிருந்தால் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. வரிசையில் கடைசியில் நிற்பதால் முன்னால் இருப்பவர்களுக்கு ஆகும் தாமதமெல்லாம் எங்கள் தலையில்தான் வந்து விடியும். அந்த இடத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதற்கான காரணம் பெரும்பாலும் அந்த வெள்ளிக்கிழமை நடந்தது அல்ல. இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று எஸ்டிமேட் போட்ட கூட்டத்திலேயே அந்த ராத்திரி முடிவாகிவிட்டது.

சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் உங்கள் வாசகர்கள் பலர் போனில் இதைக் கேட்டிருப்பார்கள்: "ஸ்பிரிண்ட் முடியுதும்மா, இந்த வாரம் ஊருக்கு வர முடியாது." அது என்ன ஸ்பிரிண்ட்? மென்பொருளை ஒரே மூச்சில் ஒரு வருஷம் கட்டாமல், பெரும்பாலும் இரண்டு இரண்டு வாரமாகப் பிரித்துக் கட்டுகிறோம். ஒவ்வொரு இரண்டு வாரமும் ஒரு ஸ்பிரிண்ட். செய்ய வேண்டியதெல்லாம் பேக்லாக் என்ற ஒரு பட்டியலில் இருக்கும், அதில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டோரி. ஸ்பிரிண்ட் தொடக்கத்தில் பட்டியலின் மேலிருந்து முடிகிற அளவுக்கு எடுத்துக்கொள்வோம், கடைசி நாள் டெமோ காட்டுவோம். ஒவ்வொரு ஸ்டோரியும் எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே ஒரு எண் போடுவோம், அதற்குப் பெயர் பாயிண்ட். இது நேரக் கணக்கு அல்ல, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் போடும் அளவு. போன மாதம் செய்த அதை மூன்று என்றால் இது அதைவிடப் பெரிது, ஐந்து. அவ்வளவுதான்.

கேட்டால் நல்ல முறையாகத்தான் தெரிகிறது, இல்லையா? நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1990களில் அமெரிக்காவில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை பார்த்த கென்ட் பெக்கும் அவருடைய சகாக்களும்தான் இந்த ஸ்டோரி எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயரில் 1999-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதியபோது 12 பழக்கங்களைச் சொன்னார். ஐடி வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கே தெரியாத ஒரு விஷயம், அந்த 12-ல் ஒன்று வாரத்துக்கு 40 மணி நேர வேலை. திட்டமிடுதலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான், அதில் ஒரு வேலைப் பிரிவினையும் இருந்தது: எது முதலில் வேண்டும் என்பதைத் தொழில் நடத்துபவர்கள் சொல்ல வேண்டும், அதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்பதை அதைச் செய்யப் போகிறவர்கள் சொல்ல வேண்டும். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி, இது போன்ற முறைகளுக்கெல்லாம் பொதுவான அஜைல் அறிக்கையை வெளியிட்டார்கள், அதன் 12 கொள்கைகளிலும் ஒன்று, எல்லாரும் காலவரையின்றி ஒரே சீரான வேகத்தில் வேலையைத் தொடர முடிய வேண்டும் என்கிறது. நாம் ஸ்டோரியை எடுத்துக்கொண்டோம், பாயிண்டை எடுத்துக்கொண்டோம், ஸ்பிரிண்டை எடுத்துக்கொண்டோம். அந்த 40 மணி நேரத்தையும் சீரான வேகத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஸ்டோரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது கெட்டுப்போனால் அதற்குப் பின்னால் போடும் எண் எதுவும் உருப்படாது. யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்று பயன்படுத்துபவர் பக்கமிருந்து இரண்டு வரி, அதுதான் ஸ்டோரி. கிரைஸ்லர் திட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ் 2001-ல் இதற்கு மூன்று பகுதிகள் உண்டு என்றார். முதலாவது அட்டை, அடுத்து உரையாடல், மூன்றாவது உறுதிசெய்தல். அட்டையில் எழுதுவது பேச வேண்டும் என்பதை ஞாபகப்படுத்த மட்டும்தான். பேசும்போதுதான் விஷயம் தெளிவாகும். எதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று ஒத்துக்கொள்வோம் என்பதைச் சோதனையாக எழுதி வைப்பது மூன்றாவது. எங்கள் அலுவலகங்களில் அட்டை மட்டும் ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் பத்திரமாக இருக்கிறது, பேச்சு காணாமல் போய்விட்டது.

ஒரு ஸ்டோரியை உதாரணம் காட்டுகிறேன். மருந்துக் கடைச் சங்கிலி ஒன்றின் செயலி அது. "வாடிக்கையாளராக, என் பழைய பில்களை டவுன்லோடு செய்ய விரும்புகிறேன், பிற்காலப் பயன்பாட்டுக்காக." இவ்வளவுதான் எழுதியிருந்தது. பழைய பில்கள் வேறொரு டேட்டாபேஸில் இருந்ததால் அதை எடுத்து வருவதே பெரிய வேலை, டீம் 13 பாயிண்ட் சொன்னது. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், அந்த "பிற்காலப் பயன்பாடு" என்ன என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. க்ளையன்டின் கஸ்டமர் கேரில் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவர் விடாமல் நின்றார், கேட்டார்கள். விஷயம் வேறு. மகன் தன் கணக்கிலிருந்து அம்மாவுக்கு மருந்து வாங்குகிறான், பில் மகன் பெயரில் வருகிறது, மெடிக்ளெய்முக்குப் போட்டால் நோயாளி பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம்தான் ஜனங்கள் கஸ்டமர் கேருக்கு போன் செய்து "அந்தப் பழைய பில்லை மறுபடி கொடுங்க, பேரை மாத்திக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது டவுன்லோடு பட்டன் இல்லை. ஆர்டர் போடும்போதே நோயாளியின் பெயரைப் போட ஓர் இடமும், அந்தப் பெயர் பில்லில் வருவதும்தான். அது 3 பாயிண்ட் வேலை.

கதை அதோடு முடியவில்லை. சோதனைப் பிரிவு என்பதால் நான் கேட்டேன்: ஒரே ஆர்டரில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையும் இருந்தால் பில் ஒன்றா, இரண்டா? அறையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. இரண்டு பில் என்று முடிவானது, 3 என்பது 5 ஆனது. இதே கேள்வி அந்தக் கூட்டத்தில் வராமல், கோட் எல்லாம் எழுதி முடித்து வியாழக்கிழமை சாயங்காலம் நான் சோதிக்கும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாள் டெமோ. பில்லைப் பிரிக்கிற வேலையை அன்று ராத்திரியே எழுதி, அதிகாலையில் நான் சோதித்து முடித்திருக்க வேண்டும். கேள்விக்கு ஆன நேரம் அதே ஐந்து நிமிஷம்தான். அதை எப்போது கேட்டோம் என்பதில் இரண்டு மூன்று பேரின் ராத்திரித் தூக்கம் அடங்கியிருக்கிறது.

இனி எஸ்டிமேட். பிளானிங் போக்கர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, ஜேம்ஸ் கிரென்னிங் 2002-ல் எழுதி வைத்தது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என்று எண் போட்ட சீட்டுகள். ஸ்டோரியைப் பேசியபிறகு அவரவர் மனதில் பட்ட எண்ணை எல்லாரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும், யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஐந்து பேர் 3 காட்டி ஒருவர் 13 காட்டினால் அந்த ஒருவரைத்தான் பேசச் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். இந்த விளையாட்டின் முழுப் பலனும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

நடப்பது என்ன? சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே லீடோ மேனேஜரோ "இது த்ரீ தானே, சின்ன சேஞ்ச்தானே" என்று சொல்லிவிடுகிறார். போன வருஷம் கோயம்புத்தூரிலோ விருதுநகரிலோ படித்துவிட்டு வந்து சேர்ந்த பிள்ளை அதற்கு மேல் 13 சீட்டைத் தூக்குமா? எல்லாரும் மூன்று. ஒருமித்த முடிவு என்று ஜிராவில் ஏறிவிடும். சோதனைக்கு ஆகும் நேரம் அந்த மூன்றில் இருக்கிறதா என்று கேட்டால், "அது பேரலலா போகும்ல" என்பார்கள். கோட் எழுதி முடிக்காமல் நான் எதைச் சோதிப்பது? பாக்கி வேலையும் அலைச்சலும் கடைசி இரண்டு நாளில் வந்து குவிவது இதனால்தான்.

அடுத்தது எக்ஸெல் ஷீட். பாயிண்ட் என்பது ஒப்பீட்டு அளவு என்று மேலே சொன்னேன். ஆனால் ஒரு பாயிண்டுக்கு எட்டு மணி நேரம் என்று எங்கோ யாரோ ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஆள் ஒன்றுக்குப் பத்து நாள், எட்டு மணி, ஆக 80 மணி நேரம் என்று ஷீட்டை நிரப்பிவிடுகிறார்கள். தினமும் ஸ்டேண்டப் என்ற சின்னக் கூட்டம் உண்டு, க்ளையன்ட் கால் உண்டு, புரொடக்ஷனில், அதாவது ஜனங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மென்பொருளில், ஏதாவது விழுந்தால் ஓட வேண்டும், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் நாளைக்கு இரண்டு மணி நேரம் போனாலே 80-ல் 20 காலி. அந்த 20 மணி நேரம் ஷீட்டில் இல்லை, ஆகவே வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பதினான்கு மணி நேரச் சட்டம் வேண்டவே வேண்டாம், இந்த ஒரு ஷீட் போதும் அதே வேலையைச் செய்ய.

அதற்கும் மேல் வெலாசிட்டி. ஒரு ஸ்பிரிண்டில் எத்தனை பாயிண்ட் முடித்தோம் என்ற கணக்கு அது. அந்த டீமுக்குள் அடுத்த ஸ்பிரிண்டைத் திட்டமிட மட்டுமே பயன்பட வேண்டியது. பெங்களூரு டீம் 40, புனே டீம் 60, நீங்கள் ஏன் பின்தங்குகிறீர்கள் என்று ஒப்பிட ஆரம்பித்தால், அடுத்த மாதமே 3 போட்ட வேலைக்கு 5 போடுவார்கள், படத்தில் கோடு மேலே ஏறும், செய்து முடித்த வேலை அதே அளவுதான் இருக்கும். இதில் யாருக்கும் லாபமில்லை. நான் மேலே சொன்ன ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டைத் தான்தான் கண்டுபிடித்திருக்கக் கூடும், அப்படியென்றால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று 2019-ல் எழுதினார். இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு மேனேஜரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. எஸ்டிமேட்டே தேவையில்லை என்று சொல்லும் ஒரு கட்சியும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் இல்லை, க்ளையன்ட் பட்ஜெட் ஒதுக்க ஏதோ ஒரு கணக்கு வேண்டும், அது நியாயம்தான்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பேக்லாகைத் திறந்தால் பாதிக்கு மேல் பி-ஒன், அதாவது முதல் முன்னுரிமை. சேல்ஸ்காரர் கேட்டது பி-ஒன், க்ளையன்டின் துணைத்தலைவர் கேட்டதும் பி-ஒன், ஆறு மாதமாகக் கிடப்பில் கிடப்பதும் பி-ஒன். எல்லாமே முதலில் என்றால் வரிசை என்று ஒன்று இல்லை. வரிசை இல்லாவிட்டால் என்ன? நேரம் போதாமல் போகிற அன்று தெரியும். வரிசை இருந்தால், கடைசியில் இருக்கும் இரண்டு ஸ்டோரியை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பலாம். இல்லாவிட்டால் எதையும் விட முடியாது, அப்போது விட்டுக்கொடுக்க மிஞ்சுவது ஆட்களின் நேரம் மட்டும்தான்.

இதற்கும் வழி ரொம்ப நாளாகவே இருக்கிறது. 1994-ல் டாய் கிளெக் என்பவர் தேவைகளை நாலாகப் பிரிக்கச் சொன்னார்: இல்லாமல் முடியாது, இருந்தே ஆக வேண்டும் என்றில்லை ஆனால் முக்கியம், இருந்தால் நல்லது, இந்தத் தடவை கிடையாது. அதைப் பின்பற்றும் டி.எஸ்.டி.எம் முறையில் முதல் வகை மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். மிச்ச 40 எதற்கு? எஸ்டிமேட் தப்பினால் விட்டுக்கொடுக்க. எஸ்டிமேட் தப்பும் என்பதை ஒத்துக்கொண்டு அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். நாங்களோ நூறும் முதல் வகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

யார் வரிசைப்படுத்துவது என்பதும் பெரிய குழப்பம். இந்த ஸ்பிரிண்ட் முறைக்கு ஸ்க்ரம் என்று பெயர். அதன் வழிகாட்டியின் 2020 பதிப்பு, பேக்லாகை வரிசைப்படுத்தும் பிராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், ஒரு குழு அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. வேலையைச் செய்யப்போகும் டெவலப்பர்கள்தான் அதன் அளவைச் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இங்கே உண்மையான பிராடக்ட் ஓனர் கடல் கடந்து உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பதிலாக இங்கே ஒரு ப்ராக்ஸி பி.ஓ. இருப்பார். இவருக்கு எதையும் கீழே இறக்க அதிகாரம் கிடையாது, "கேட்டுச் சொல்றேன்" என்பதோடு சரி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவரும் எங்களோடுதான் ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்.

மேனேஜர்கள் எல்லாம் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடிப்படைக் கோளாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஃபிக்ஸட் பிட் என்பார்கள். என்னென்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்துக்கு என்று மூன்றையும் ஸ்டோரி ஒன்று கூட எழுதப்படாத நிலையில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அவ்வளவு ஆரம்பத்தில் போடும் எஸ்டிமேட் நாலு மடங்கு வரை குறைவாகவோ அதிகமாகவோ இருக்கலாம் என்று மென்பொருள் செலவுக் கணிப்பை ஆராய்ந்த பேரி போம் 1981-லேயே எழுதிவிட்டார். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் கூட எத்தனை இலை, எத்தனை வேளை என்று கேட்காமல் மளிகை லிஸ்ட் எழுத மாட்டார். இங்கே லிஸ்டும் விலையும் தேதியும் முதலில் போய்விடுகிறது, யார் சாப்பிட வருகிறார்கள் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது எங்கள் சனி ஞாயிறு.

க்ளையன்டுக்குத் தேதி வேண்டுமே, என்ன சொல்வது என்று கேட்பார்கள். சொல்லலாம், நேர்மையாகவே சொல்லலாம். கடந்த ஐந்தாறு ஸ்பிரிண்டைப் பாருங்கள். மோசமான ஸ்பிரிண்டில் 18 பாயிண்ட், நல்ல ஸ்பிரிண்டில் 27 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 120 பாயிண்ட் இருக்கிறது. 120-ஐ 27-ஆல் வகுத்தால் ஐந்து ஸ்பிரிண்டுக்குள், 18-ஆல் வகுத்தால் ஏழு. ஆக பத்திலிருந்து பதினாலு வாரம், ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிந்ததும் இந்த இடைவெளியைச் சுருக்கிச் சொல்கிறோம், இன்ன தேதிக்குள் கண்டிப்பாக வேண்டுமென்றால் பட்டியலில் கீழே இருக்கும் இவை இவை வராது. இப்படிச் சொல்லி ஒத்துக்கொண்ட க்ளையன்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தேதியைச் சொல்லிவிட்டு மூன்று தடவை தள்ளிப்போடுவதைவிட அவர்களுக்கும் இது மேல்.

ஊழியர் சங்கத்தில் இருப்பவர்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மணி நேரக் கணக்கைக் கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள். எஸ்டிமேட்டை வேலை செய்கிறவர்களே போட வேண்டும், சோதனைக்கான நேரமும் அதில் சேர வேண்டும். விடுப்பையும் கூட்டங்களையும் கழித்துவிட்டுத்தான் ஷீட்டில் மணி நேரத்தை நிரப்ப வேண்டும். ஸ்பிரிண்ட் நடுவில் புதிதாக ஒரு வேலையை நுழைத்தால் அதே அளவு ஒன்று வெளியே போக வேண்டும், எது போகிறது என்பதை நுழைத்தவரே மெயிலில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை நேரம் பற்றி நிறுவனங்களின் பதிலைக் கேட்டு நீங்கள் செய்தி போடும்போது, உங்கள் நிருபர் இந்த ஒரு கேள்வியையும் கேட்கட்டும்: உங்கள் அலுவலகத்தில் கடைசியாகத் தாமதமான புராஜெக்டின் எஸ்டிமேட்டைப் போட்டது யார், அவர் அதில் வேலை செய்தாரா?

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்,
எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு.
(வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)